அடிப்போர்வை

பரோட், இமாச்சலம்
5 அக்டோபர் 2025

அண்ணாவுக்கு,

உயிரோடும் ஒழுங்காகவும் இருக்கிறேன். அம்மாவிடம் அதை முதலில் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

போனை வேண்டுமென்றேதான் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். போனில் பேசினால் இருவரும் கத்துவோம். போன மாதம் சாம்பிள் ரூமில் கத்தியதே போதும், டெய்லர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடிதத்தில் கத்த முடியாது.

பாலம்பூரிலிருந்து நடக்கத் தொடங்கி இன்று ஒன்பதாவது நாள். ராம்பூர் போய்ச் சேர ஏழு வாரம் ஆகும். முதுகுப் பையில் இருப்பதெல்லாம் நம் கம்பெனிச் சரக்கு: இரண்டு மரத்துக்கு நடுவே தூளி போலக் கட்டிப் படுக்கும் ஹேமக், மேலே கட்டும் தார்ப்பாய், ஹேமக்குக்கு வெளியே அடிப்பக்கமாகத் தொங்கவிடும் அடிப்போர்வை. மலைச்சரிவில் கூடாரம் போடச் சமதரை கிடைப்பதில்லை. ஹேமக்குக்கு இரண்டு மரம் போதும். அந்த விஷயத்தில் நாம் செய்தது நல்ல பொருள்தான். முடிச்சு நழுவவில்லை, துணி கிழியவில்லை, பையில் எடை தெரியவில்லை.

இனி நான் இங்கே வந்த காரணம். மூன்றாம் தேதி இரவு ஆற்றங்கரையில் தேவதாரு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுத்தேன். தெர்மாமீட்டரைத் தார்ப்பாய்க் கயிற்றில் தொங்கவிட்டிருந்தேன். விடியற்காலை ஏழு டிகிரி. மேலே ஒரு குறையும் இல்லை. முதுகுக்கு அடியில்தான் யாரோ ஐஸ் கட்டியை வைத்துத் தேய்ப்பது போல் இருந்தது. ஸ்லீப்பிங் பேக் நம் உடம்பின் எடையில் அடியில் நசுங்கிவிடுகிறது, நசுங்கிய பஞ்சு சூடு கொடுப்பதில்லை. நசுங்காமல் வெளியே தொங்குகிற அடிப்போர்வைதான் முதுகைக் காக்க வேண்டும். நம்முடையது காக்கவில்லை. ஏழு டிகிரியில் நான் ஒரு மணி நேரம்கூடத் தொடர்ந்து தூங்கவில்லை.

அந்த லேபிளில் நீங்கள் அச்சடித்திருப்பது ‘0 டிகிரி வரை’.

பெங்களூர்க் கடைக்கு அந்த அறுநூறு பீஸை அனுப்ப வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அடுத்து பஞ்சார் என்ற ஊருக்குப் போகிறேன். அங்குள்ள அஞ்சலகத்தின் பெயருக்கு எழுதினால் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

கிருத்திகா

~

அருள்புரம்
13 அக்டோபர் 2025

கிருத்திகாவுக்கு,

கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், ஐஸ் கட்டி சமாச்சாரத்தை மட்டும் விட்டுவிட்டு. “சாப்பாடு பத்தி ஒண்ணுமே எழுதலையா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

நீ சாம்பிள் ரூமுக்குப் பொறுப்பு. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு துண்டுச் சீட்டைக் கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்துவிட்டு இமயமலைக்குப் போய்விட்டாய். உன் மேஜையில் இப்போது ராஜ்கமல் உட்கார்ந்து பேட்டர்ன் வெட்டுகிறார். அவர் ஃப்ளோர் சூப்பர்வைசர். அவர் வேலையை நான் பார்க்கிறேன். என் வேலையை யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நீ சொல்வதை நம்பவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் கட்டுவதில் தவறு இருக்கலாம். கயிறு முப்பது டிகிரி சாய்வில் இருக்க வேண்டும், உடம்பைக் குறுக்காகப் போட்டுப் படுக்க வேண்டும். படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரே ஆள், ஒரே இரவு. அதை வைத்து அறுநூறு பீஸை நிறுத்து என்றால் எந்த முதலாளி நிறுத்துவான்? நவம்பர் இருபதுக்குள் சரக்கு போக வேண்டும். பனியன் ஆர்டர் குறைந்தபோது இந்த ஹேமக்தான் நாற்பது பேருக்கு வேலை கொடுத்தது. அதை ஆரம்பித்தது நீ.

அந்த சீரோ எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குக் கத்திக் கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. வேறொரு கம்பெனியின் கேட்லாக்கில், நாம் வைக்கிற அதே எடைப் பஞ்சுக்கு சீரோ என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துப் போட்டேன். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். மார்கழியில்கூட இங்கே ஃபேன் ஓடுகிறது. நான் எந்தக் குளிரில் கொண்டுபோய்ச் சோதிப்பது?

பணியாரச் சட்டி தேடி அம்மா அலமாரியைக் கவிழ்த்தபோது உன் கம்பளிக் குல்லா கிடைத்தது. அனுப்பியிருக்கிறேன்.

வேல்குமார்

~

பஞ்சார்
22 அக்டோபர் 2025

அண்ணாவுக்கு,

குல்லா வந்தது. நன்றி. தீபாவளி அன்று ஒரு ஆப்பிள் தோட்டத்துக்காரர் வீட்டில் ரொட்டியும் ராஜ்மாவும் சாப்பிட்டேன். அம்மாவிடம் இதைச் சொல்லலாம்.

உங்கள் படம் சரியாகத்தான் இருக்கிறது. நானும் அப்படியேதான் கட்டுகிறேன். அந்தப் படத்தை முதலில் வரைந்ததும் நான்தான், கட்டிங் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒரே இரவு இல்லை, இதுவரை பதினான்கு இரவுகள். தேதி, இடம், வெப்பம், காற்று, எத்தனை முறை விழித்தேன் என்று தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், பன்னிரண்டு டிகிரி வரை சுகம். பத்தில் முதுகு சில்லிடும். அதற்குக் கீழே அடிப்போர்வை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இப்போது நான் குளிராமல் தூங்குகிறேன், ஆனால் அது நம் சரக்கால் இல்லை. பரோட்டில் ஒரு ஃபோம் மேட் வாங்கி ஹேமக்குக்குள் முதுகுக்கு அடியில் போட்டுக்கொள்கிறேன். தார்ப்பாயைக் காற்று வரும் பக்கம் தரை தொடும்படி இறக்கிக் கட்டுகிறேன். படுக்குமுன் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்கிறேன். காய்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி படுக்கைக்கென்றே தனியாக. வேர்க்கடலையும் வெல்லமும் தின்றுவிட்டுப் படுத்தால் விடியும்வரை உடம்பு சூடு தாங்குகிறது. இது எல்லாம் செய்தால் மூன்று டிகிரியிலும் தூங்கலாம். லேபிளில் இது எதுவும் இல்லை.

திருப்பூர்ப் பக்கம் குளிர் இல்லை என்கிறீர்கள். உடுமலைப்பேட்டை ரோட்டில் புளி வைக்கிற குளிர்பதனக் கிடங்கு இருக்கிறதே. அதன் ஓனர் உங்களோடு பள்ளியில் படித்தவர்தானே? இரண்டு தூண் இருந்தால் ஹேமக் கட்டலாம்.

நாளைக்கு ஜிபி என்ற ஊர் வழியாக ஜலோரி கணவாய்க்கு ஏறுகிறேன். அதைத் தாண்டினால் ஆனி என்று ஒரு ஊர், இனி அங்குள்ள அஞ்சலகத்துக்கு எழுதுங்கள்.

கிருத்திகா

~

அருள்புரம்
30 அக்டோபர் 2025

கிருத்திகாவுக்கு,

அம்மா சஷ்டி விரதம் முடித்துவிட்டார்கள். சூரசம்ஹாரத்துக்குக் கூட்டிப் போனேன். மறுநாள் காலை கிடங்குக்குப் போனேன்.

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன். ஐந்து டிகிரி வைத்திருந்தார்கள். புளி மூட்டைகளுக்கு நடுவே இரண்டு இரும்புத் தூண்களில் ஹேமக்கைக் கட்டினோம். கீழிருந்து காற்று அடிக்க இரண்டு பெடஸ்டல் ஃபேன். காலை பத்தரைக்குப் படுத்தேன், ஸ்லீப்பிங் பேக், அடிப்போர்வை எல்லாம் முறைப்படி. ராஜ்கமல் அரை மணிக்கொரு தரம் கதவைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டும் என்று பேச்சு.

நான்கு மணி நேரம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவன் ஒரு மணி நாற்பது நிமிடம்தான் இருந்தேன். மூன்றாம் தரம் எட்டிப் பார்த்த ராஜ்கமல், “அண்ணாச்சி, ஒதடு நீலமா இருக்கு. போதும், வெளிய வாங்க” என்றார். நான் இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன் என்றேன். சொன்னதாக நினைத்துக்கொண்டேன். என் வாயிலிருந்து வந்தது புரியவில்லை என்று அவர் பிறகு சொன்னார். ஆளைத் தூக்கி வெளியே வெயிலில் உட்காரவைத்தார்கள். டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

உள்ளே இருக்கும்போதே கையைப் பின்னால் விட்டுப் பார்த்தேன். என் முதுகுக்கும் அடிப்போர்வைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அதில் காற்று தாராளமாகப் போய்வந்தது. இன்னொன்று, குளிர் முதுகு முழுக்க ஒரே மாதிரி இல்லை, கோடு கோடாக இருந்தது. பஞ்சு நகராமல் இருக்க நாம் குறுக்கே போட்ட தையல்தான் அந்தக் கோடு. தையல் போன இடத்தில் பஞ்சே இல்லை. இருபத்திரண்டு வருடம் தையல் தொழிலில் இருக்கிறேன். தையல் குளிரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீ சொன்னது சரி.

பெங்களூருக்கு அனுப்பவில்லை. காரணத்தையும் எழுதிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. முதலில் கோயம்புத்தூர்க் கடைக்குக் கொடுத்த இருபது பீஸையும் திருப்பிக் கேட்டிருக்கிறேன். பதினொன்று விற்றுப்போய்விட்டதாம். யார் யார் வாங்கினார்கள் என்று தேடித் தருவதாகச் சொன்னார்கள்.

புதிதாக ஒன்று வெட்டிக்கொண்டிருக்கிறோம். வெளித்துணி உள்துணியைவிடப் பெரிதாக, பஞ்சு நசுங்காதபடி. குறுக்குத் தையல் இல்லை. இரண்டு ஓரமும் எலாஸ்டிக் கயிறு போட்டு இழுத்தால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆனியில் கிடைக்கும்படி அனுப்புகிறேன்.

வேல்குமார்

~

பஞ்சார்
2 நவம்பர் 2025

அண்ணாவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் ஆனிக்குப் போகும் வழியில் இருக்கலாம். என் கைக்கு இன்னும் வரவில்லை. நான் மறுபடியும் பஞ்சாரில்தான் இருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். முழுக்கப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

ஜிபியில் ஒரு டீக்கடையில் ஒருவர் தமிழில் தனக்குத்தானே பேசிக்கொண்டு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். மடத்துக்குளத்தில் உரக்கடை வைத்திருக்கிற முருகேஷ். வயது நாற்பத்தெட்டு இருக்கும். வருடம் ஒரு முறை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தனியாக நடக்க வருவாராம். “ஏனுங்க, நீங்களும் நம்ம பக்கமுங்களா?” என்று கேட்டார். பல்லடம் பக்கம் என்றேன். இரண்டு நாள் சேர்ந்து நடந்தோம்.

முதல் நாள் சாயங்காலம் அவர் பையிலிருந்து ஹேமக்கை எடுத்தார். நம்முடையது. கோயம்புத்தூரில் வாங்கினாராம். லேபிளை எனக்குக் காட்டினார். “பாருங்க, அருள்புரம்னு போட்டிருக்குது. நம்மூர்ல தெச்ச சாமான் இமயமலைக்கு வந்துருச்சுங்க!” என்றார்.

நான் “அப்படீங்களா” என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நம் பெயர் கெட்டுவிடும் என்று யோசித்து வாயை மூடிக்கொண்டேன் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அது அப்புறம் வந்த யோசனை. முதலில் வந்தது பெருமை. அவர் அந்தத் தையலைத் தடவிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை உடனே கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

மறுநாள் ஏறுவதற்கு முன் அவர் தன் ஃபோம் மேட்டை ஜிபி விடுதியிலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். எடை குறையட்டும் என்று. “மேட் ஒண்ணு இருந்தா நல்லதுங்க” என்றேன். “சீரோன்னு போட்டிருக்காங்களேங்க, அதுபோதும்” என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். என்னுடைய மேட்டில் பாதியை வெட்டிக் கொடுத்திருக்கலாம். கணவாயைத் தாண்டி ஓக் மரக் காட்டில் அவர் மேலேயும் நான் கொஞ்சம் கீழேயும் கட்டிக்கொண்டோம். அவர் சாக்ஸ் ஈரமாக இருந்ததையும் பார்த்தேன்.

அன்று மைனஸ் இரண்டு. விடியற்காலையிலிருந்து காற்று. நான் என் மேட், வெந்நீர், வெல்லம் எல்லாவற்றோடும் தூங்கினேன். ஏழு மணிக்குக் கூப்பிட்டேன், பதில் இல்லை. போய்ப் பார்த்தால் கண் திறந்திருக்கிறது, நடுக்கம்கூட இல்லை. பேர் கேட்டால் கடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பியின் பேரைச் சொல்கிறார். ஈரத்தைக் கழற்றி, என் ஸ்லீப்பிங் பேக்கையும் மேட்டையும் சுற்றி, வெந்நீர்ப் பாட்டிலை அக்குளில் வைத்துவிட்டுக் கணவாய் வரை ஓடினேன். அங்கே டீக்கடைக்காரர்கள் மூன்று பேர் வந்து கம்பளியில் தூக்கினார்கள். ஜீப்பில் பஞ்சார் கொண்டுவந்தோம்.

பிழைத்துக்கொண்டார். இடது காலில் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி இல்லை. திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். நேற்று அவருடைய தம்பி வந்து ஊருக்குக் கூட்டிப் போனார். கிளம்பும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “ஆயுசுக்கும் மறக்க மாட்டனுங்க” என்றார். நான் யார் என்று அப்போதும் சொல்லவில்லை.

லேபிளுக்காக உங்களைத் திட்டிவிட்டு வந்தேன். நீங்கள் போட்டது எண். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் காட்டில் நான்தான்.

கிருத்திகா

~

அருள்புரம்
12 நவம்பர் 2025

கிருத்திகாவுக்கு,

உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. ஒன்பதாம் தேதி ஞாயிறு. பஸ் ஏறி மடத்துக்குளம் போனேன். காரில் போகத் தோன்றவில்லை. உரக்கடை முருகேஷ் என்றதும் வழி காட்டினார்கள்.

கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், இடது காலில் கட்டு. யாரென்று கேட்காமலே, “வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?” என்றார். உட்கார்ந்தேன். தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். “அந்த ஹேமக்க தெச்சது என்ற கம்பெனியிலதானுங்க. சீரோன்னு போட்டதும் நான்தானுங்க. சோதிச்சுப் பாக்காம போட்டுட்டனுங்க.”

அவர் காலை மெதுவாக இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப அந்த நம்பரு எங்கிருந்துங்க வந்துச்சு?”

“வேறொருத்தரு கேட்லாக்குல பாத்துப் போட்டதுங்க.”

“என்ற கடை உர மூட்டைல சத்து பதினேழு, பதினேழு, பதினேழுன்னு போட்டிருக்குமுங்க. அது உள்ள இல்லீனா ஒரு வருசத்து வெள்ளாம போயிருமுங்க. நம்பருன்னா அப்படித்தானுங்க.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வைத்தியச் செலவு என் பொறுப்பு என்றேன். அதைப் பிறகு பேசலாம் என்று கையைக் காட்டினார். அப்புறம் கேட்டார், “நான் விழுந்தது உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”

“என்ற தங்கச்சி எழுதுனாளுங்க. உங்களக் கீழ கொண்டாந்தது அவதானுங்க.”

ஆள் அப்படியே மாறிவிட்டார். உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். “இவுரு தங்கச்சிதான் அந்தப் புள்ள! வந்து பாரு!” அந்த அம்மா வந்து என்னைக் கும்பிட்டார்கள். என்னை. அப்புறம் முருகேஷ் ஏதோ யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். “ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு இந்த நம்பரு சமாச்சாரம் தெரியுமுங்களா? ஹேமக்கக் காட்டுனப்பக்கூட ஒண்ணும் சொல்லலீங்களே.”

“தெரியாதுங்க. அவ கம்பெனிப் பக்கமே வர்றதில்லீங்க” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. கிளம்பும்போது உனக்கென்று ஒரு சாக்கு இளநீர் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பஸ் படியில் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா தினம் ஒன்று வெட்டிக் குடிக்கிறார்கள். நான் குடிக்கவில்லை.

பெங்களூர்க் கடை ஆர்டரை ரத்து செய்துவிட்டது. புது அடிப்போர்வையைச் சோதித்து எழுதினால் திரும்பப் பார்க்கலாம் என்று ஒரு வரி. பன்னிரண்டு பேரை பனியன் லைனுக்கு மாற்றியிருக்கிறேன். மீதிப் பேரைப் பொங்கல் வரை ஓட்ட முடியும். வாங்கிய பதினொரு பேரில் எட்டுப் பேரிடம் பேசிவிட்டேன். ஒருவர் இமாச்சலத்துப் பனிமலைப் பக்கம், ஸ்பிதிக்குக் கிளம்ப டிக்கெட் எடுத்திருந்தார். நிறுத்திவிட்டேன்.

பார்சலில் புது அடிப்போர்வை இருக்கிறது. இதை நான் கிடங்கில் ஐந்து டிகிரியில் நான்கு மணி நேரம் சோதித்தேன். தூங்கியே போய்விட்டேன் என்று ராஜ்கமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்குக் கீழே எனக்குத் தெரியாது. லேபிளைக் காலியாக விட்டிருக்கிறேன்.

முருகேஷ் விஷயத்தை நீ மனத்தில் வைத்துக்கொள்ளாதே, கண்ணு. அது என்னோடு போகட்டும்.

வேல்குமார்

~

ஆனி
21 நவம்பர் 2025

அண்ணாவுக்கு,

பார்சல் வந்தது. மேட் இல்லாமல், வெந்நீர் இல்லாமல் மூன்று இரவு சோதித்தேன். நான்கு டிகிரியில் விடியும்வரை தூங்கினேன். இரண்டில் ஒரு முறை விழித்தேன். சீரோவில் குளிர்ந்தது, உட்கார்ந்திருந்தேன். தாள் இத்துடன் இருக்கிறது. பெங்களூருக்கு இதை அப்படியே அனுப்புங்கள், சீரோ இரவையும் சேர்த்து.

முருகேஷுக்கு நேற்று கடிதம் போட்டுவிட்டேன். ஒரு பக்கம்தான். நான் கம்பெனியில் என்ன வேலை பார்த்தேன், லேபிள் பொய் என்று எனக்கு எப்போதிலிருந்து தெரியும், அவர் லேபிளைக் காட்டியபோதும் காட்டிலும் ஏன் சொல்லவில்லை, எல்லாம் எழுதினேன். நீங்கள் அவரிடம் சொன்ன ஒரு விஷயம் உண்மையில்லை, அது எனக்காகச் சொன்னது என்றும் எழுதினேன். உங்களைக் கேட்காமல் எழுதிவிட்டேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அதனால்தான் உடனே எழுதினேன்.

ராம்பூருக்கு இன்னும் நான்கு நாள் நடை பாக்கி. போகவில்லை. சிம்லாவுக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து ரயில். இருபத்தெட்டாம் தேதி காலை திருப்பூரில் இறங்குவேன். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் ஸ்டேஷனுக்கு வந்தால் வீட்டுக்கு வராமல் நேராக மடத்துக்குளம் பஸ்ஸில் ஏறலாம். அதற்குள் என் கடிதம் அவருக்குப் போயிருக்கும். பேசுவாரா என்று தெரியவில்லை. பேசவில்லை என்றால் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடலாம்.

கிருத்திகா